'ஆத்தா பாட்டு' கேட்டா சிரிப்பாங்க

ஆடி பொறந்தாச்சு, நம்ம கோயில் ஒலிபெருக்கியில எல்.ஆர். ஈஸ்வரி அம்மா குரல் கேட்க ஆரம்பிச்சாச்சு. இந்தப் பாட்டுகளை விரும்பிக் கேட்டதுக்கு ஒரு காலத்துல எவ்வளவு கேலி வாங்கினோம்னு இளையவங்களுக்குத் தெரியாது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

1980-கள்ல தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடிச்சு, பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் புகுமுக வகுப்பு போனேன். அங்க மைக்கேல் ஜாக்சன், இல்லன்னா 'சர்ச்', 'விங்ஸ்' மாதிரி மலாய் ராக் குழுக்கள். தமிழ்ல கேட்டா இளையராஜா. என் பையில அம்மன் பாட்டு கேசட்டைப் பார்த்துட்டாங்க. அன்னையிலேர்ந்து என் பேரு 'சாமியாடி'. 'தோட்டக்காட்டான் பாட்டு'ன்னு சொன்னதும் நம்ம தமிழ்ப் பிள்ளைங்கதான், மத்தவங்க இல்ல. 'அன்னக்கிளி' (1976) படத்துலேர்ந்து ராஜா கொடுத்த கிராமத்து மெட்டை ரசிச்சவங்க, பம்பையும் உடுக்கையும் அம்மன் பாட்டுல வந்தா மட்டும் சிரிச்சாங்க. அப்போ குறை மேளத்துல இல்ல, அது எந்த லயத்து வீட்டுலேர்ந்து கேட்குதுங்கறதுலதான்.

கோயில்களுக்குள்ளயும் இந்தத் தரம் பிரிக்கிற பழக்கம் இருந்துச்சு. காலையில எம்.எஸ். அம்மாவோட சுப்ரபாதம், அப்புறம் சூலமங்கலம் சகோதரிகளோட கந்த சஷ்டி கவசம். இதுக்கெல்லாம் யாரும் முகம் சுளிச்சதில்ல. ஈஸ்வரி அம்மா பாட்டு திருவிழாவுக்கும் தீமிதிக்கும் மட்டும்னு ஒதுக்கிட்டாங்க. ஆனா நம்ம முன்னோர் கங்காணியோட வந்து காட்டை அழிச்சு ரப்பர் நட்டப்போ, முதல்ல கும்பிட்டது மாரியாத்தாளைத்தான். பல தோட்டங்கள்ல குருக்கள் கிடையாது. கூட வேலை செய்யுற ஒருத்தரே பூசாரி. கரகம், கூழ், வேப்பிலை, உடுக்கை, இதுதான் வழிபாடு. அந்த வழிபாட்டோட சத்தத்தை இசைத்தட்டுலயும் கேசட்லயும் அப்படியே கொண்டுவந்தது ஈஸ்வரி அம்மாவோட பாட்டுங்க.

அவங்க கதையும் லேசுப்பட்டது இல்ல. முழுப் பேரு லூர்து மேரி ராஜேஸ்வரி, கிறிஸ்தவக் குடும்பம். கோரஸ் பாடித்தான் சினிமாவுக்குள்ள வந்தாங்க. 'பாசமலர்' (1961) கல்யாணப் பாட்டுதான் பெரிய பேரு வாங்கிக் கொடுத்துச்சு. 'பணமா பாசமா' (1968) இலந்தைப்பழப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஓடுச்சு. இருந்தும் கதாநாயகி உருகிப் பாடணும்னா பி. சுசீலா, கிளப் டான்ஸுன்னா ஈஸ்வரின்னு ஒரு கோடு போட்டு வச்சாங்க. அப்படிக் கோடு போடப்பட்ட குரல்தான் ஊரெல்லாம் ஆத்தாளைக் கூப்பிடுற குரலாச்சு. எனக்கு இதுல அம்பாள் விளையாட்டுதான் தெரியுது.

2011-ல 'ஒஸ்தி' படத்துல எழுபது வயசுக்கு மேல அவங்க ஒரு குத்துப்பாட்டு பாடினதும், அன்னைக்குச் சிரிச்சவங்க வீட்டுக் கல்யாணத்துலயே அதைப் போட்டு ஆடினாங்க!

இப்போ உறுமி அடிக்கிற பசங்களைப் பார்த்து என் வயசுக்காரங்களே 'ரௌடிப் பசங்க, தோட்டத்து மேளம்'னு பேசறாங்க. போன கூட்டத்துலயும் அந்தப் பேச்சு வந்துச்சு. அவங்க சிலரோட பழைய பட்டப்பேரு எனக்கு ஞாபகம் இருக்கு, எழுதமாட்டேன்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியாயிடுச்சு, சாமான் மாத்தும்போது கேசட்டெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு. யார் வீட்லயாவது பழைய அம்மன் பாட்டு கேசட் இருந்தா, நாடா சிக்கியிருந்தாலும் பரவாயில்ல, வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது கொண்டு வாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தித் திருப்பித் தந்துடறேன்.

ஓம் சக்தி.