கர்ணனுக்கு வந்த கவசம்: அளவும் அதிகாரமும்

காவியக் கர்ணனின் கவசம் உடலோடு பிறந்தது. ஆகவே அது பொருந்துமா என்ற கேள்வி அவனுக்கு எழவே இல்லை. வரலாற்றில் கவசம் தரித்த ஏனையோர் அனைவருக்கும் அக்கேள்வி எழுந்தது. மெலிந்த உடல்வாகு கொண்ட காவலரோ வீரரோ தமக்குப் பொருந்தும் குண்டு துளைக்காத கவச ஆடையைத் தேடி அலைவதை, இன்று கடையில் அளவு கிடைக்காத சிறு சிக்கலாகவே பலர் கருதுகின்றனர். எந்த உடலை இயல்பானதாகக் கொண்டு கவசம் செய்யப்படுகிறது, எஞ்சியவர்களுக்கு என்ன வழங்கப்படுகிறது என்பதே அதனுள் அடங்கியுள்ள வரலாற்று வினா.

இதற்குப் பொருத்தமான சான்று ஒன்று அக்பர்நாமாவில் உள்ளது. 1573-இல் குஜராத்தில் கிளர்ச்சி வெடித்ததும், அக்பர் ஃபதேபூர் சிக்ரியிலிருந்து சிறு படையுடன் விரைந்து, இரண்டு வாரத்துக்குள் அகமதாபாத்தை அடைந்தார். போருக்குச் சற்று முன், ஆம்பர் கச்வாஹா குலத்து ரூப்சியின் மகன் ஜெய்மல் கனத்த கவசம் ஒன்றை அணிந்து நிற்பதைக் கண்டார். அதைக் கழற்றச் செய்து, தம் கவசங்களுள் ஒன்றை அவனுக்கு அளித்தார். கழற்றப்பட்ட கவசம், கவசமே இன்றி நின்ற கரண் என்பவனுக்குத் தரப்பட்டது. இந்தக் கரண், ஜோத்பூர் மால்தேவின் பேரன். மால்தேவ் குடும்பத்தோடு ரூப்சிக்குப் பகை இருந்தது. தம் கவசத்தைத் திருப்பித் தரும்படி ரூப்சி கேட்டார். அதற்கு ஈடாகத் தம் கவசத்தையே அளித்துவிட்டதாக அக்பர் பதிலுரைத்தார். சினமுற்ற ரூப்சி, தாம் அணிந்திருந்த கவசத்தையும் கழற்றி எறிந்தார். தம் வீரர்கள் கவசமின்றிப் போரிடும்போது தமக்கும் அது வேண்டாமென அக்பரும் கழற்றினார். பகவான் தாஸ் இடையிட்டுச் சமாதானம் செய்தார்.

அபுல் ஃபசல் இதைப் பேரரசரின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே எழுதுகிறார். நாம் அதைக் கவசம் கைமாறிய வரிசையாகவும் படிக்கலாம். அரசரின் பார்வையில் பட்டவனுக்கு நல்ல கவசம் கிடைக்கிறது. அவன் சுமக்கக் கூடாதென்று கழற்றப்பட்ட அதே கவசம், ஒன்றுமில்லாதவனுக்குப் போகிறது. கரணின் தோளும் மார்பும் அதற்குப் பொருந்தினவா என்று யாரும் கேட்டதாகப் பதிவில்லை. இல்லாததற்கு இது மேல் என்ற தருக்கம் அங்கே போதுமானதாக இருந்தது.

அளவுச் சிக்கலுக்கு அக்காலக் கைவினைஞர்கள் விடை காணாமல் இல்லை. பாரசீகத்திலும் முகலாய இந்தியாவிலும் வழங்கிய ‘சஹார் ஆயினா’, அதாவது ‘நான்கு கண்ணாடிகள்’, அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, விலாக்களுக்கு இரண்டு என நான்கு எஃகுத் தகடுகள் சங்கிலிக் கவசத்தின் மேல் வார்களாலோ கீல்களாலோ பிணைக்கப்படும். பக்கத் தகடுகளின் மேல் விளிம்பு, கை தடையின்றி அசைய அக்குளுக்கேற்ப வளைத்து வெட்டப்பட்டிருக்கும். வார் கொண்டு பிணைத்தவற்றில் தகடு மாறாமலேயே வாரைத் தளர்த்தியும் இறுக்கியும் அணியலாம். இன்றைய ‘பிளேட் கேரியர்’ எனப்படும் தகடு தாங்கும் ஆடையும் இதே கொள்கையில் இயங்குகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது என் வாதமன்று. விறைப்பான தகட்டை வளையும் உடலில் நிறுத்தும் ஒரே சிக்கலுக்கு இரு காலங்களும் ஒத்த விடையை எட்டின.

அந்த விடை எல்லோருக்கும் எட்டவில்லை. ஆயின்-இ-அக்பரி கவச வகைகளை விலையோடு பட்டியலிடுகிறது. விலை என்று ஒன்று வந்தவுடன், பொருத்தமும் வசதியைச் சார்ந்ததாகிவிடுகிறது. பஞ்சு திணித்துத் தைத்த அங்கிகள் துணியாதலால் பலவித உடல்களுக்கும் ஒருவாறு இசைந்தன.

இனி இன்றைய கவசத்துக்கு வருவோம். மார்புத் தகட்டின் அளவைத் தீர்மானிப்பது இடுப்பின் பருமன் அன்று. இதயமும் பெருங்குழாய்களும் நுரையீரலின் நடுப்பகுதியும் அமைந்துள்ள இடமே அதைத் தீர்மானிக்கிறது. தகட்டின் மேல் விளிம்பு, இரு காரை எலும்புகளுக்கு நடுவிலுள்ள கழுத்துக்குழியை ஒட்டி அமைய வேண்டும். அகலம் ஏறத்தாழ இரு முலைக்காம்புகளுக்கு இடைப்பட்டதாக இருக்க வேண்டும். மெலிந்தவர் மீது அகன்ற தகடு ஏற்றப்பட்டால் அது தோள்மூட்டில் இடித்துத் துப்பாக்கியைத் தோளில் பொருத்தத் தடையாகும். இடுப்புப் பட்டை தொளதொளத்தால் ஓடும்போது தகடு சரிந்து, மறைக்க வேண்டிய இதயப் பகுதியே திறந்து கிடக்கும். பொருந்தாத கவசம் எடையை மட்டும் தந்து, காப்பைக் குறைக்கிறது.

எடையும் உடலைப் பொறுத்ததே. தில்லி ஐ.ஐ.டி.யும் டி.ஆர்.டி.ஓ.வும் இணைந்து உருவாக்கி 2024-இல் அறிவித்த ‘அபேத்’ கவசத்தின் குறைந்தபட்ச எடை 8.2 கிலோ. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 55 கிலோ உள்ளவருக்கு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

உடல்கள் வேறுபடும் என்பதை நம் அரசு அறியாமல் இல்லை. ராணுவ ஆள்சேர்ப்பில் கோர்க்கா இளைஞருக்குக் குறைந்தபட்ச உயரம் 157 செ.மீ., மேற்குச் சமவெளியினருக்கு 170 செ.மீ. என வட்டார வாரியான அளவுகள் உள்ளன. மார்பளவும் அதன் விரிவும் நாடா கொண்டு அளக்கப்படுகின்றன. சேர்க்கும்போது காட்டப்படும் அந்த நுட்பம், காப்புக் கருவியை வழங்கும்போதும் தொடர்கிறதா என்பதுதான் கேள்வி.

பெண் காவலர்களின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முதல் மகளிர் படையணியான 88-ஆவது பட்டாலியன் 1986-இல் தொடங்கப்பட்டது. கலவரத் தடுப்புப் பணிக்கெனப் பெண்களின் உடலமைப்புக்கேற்ற முழு உடல் காப்பை அப்படையும் டி.ஆர்.டி.ஓ.வும் இணைந்து உருவாக்கியது 2019-இல். அது கல்லடியும் தடியடியும் தாங்கும் காப்பு, தோட்டாவுக்கானது அன்று. அதுவரை ஆண்களுக்கென வடிவமைத்தவற்றையே அவர்கள் அணிந்தனர். இடைப்பட்ட காலம் 33 ஆண்டுகள். கரணுக்குச் சொல்லப்பட்ட அதே தருக்கம் இங்கும் செயல்பட்டிருக்கிறது.

படைக்கல வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லீட்ஸ் ராயல் ஆர்மரிஸிலுள்ள முகலாயர் கால யானைக் கவசத்தில் 5,840 தகடுகள் எஞ்சியிருப்பதைக்கூட எண்ணி வைத்திருக்கிறோம். மனிதக் கவசங்களைப் பார்க்கும்போது பொறிப்பும் பொன்வேலையுமே முதலில் நம் கவனத்தைக் கவர்கின்றன. வார்களில் பின்னர் இடப்பட்ட துளைகள், இடம் மாற்றிய கொக்கிகள், தேய்ந்த தோள்பட்டைகள், ஒட்டுப்போட்ட உட்துணி ஆகியவற்றையும் அளந்து பதியுங்கள். இரண்டாம் கையாகக் கவசம் பெற்ற கரண்களின் உடல் அங்கேதான் தடம் பதித்திருக்கும். சமகால வரலாறு பயில்வோர் கொள்முதல் ஆவணங்களை நாடலாம். 2018-இல் பாதுகாப்பு அமைச்சகம் 1.86 லட்சம் கவச ஆடைகளுக்கு ரூ.639 கோடி ஒப்பந்தம் செய்தது. இத்தகைய ஒப்பந்தங்களில் எந்தெந்த அளவு, எத்தனை கேட்கப்பட்டன என்ற ஒரு வரி, வீரரின் உடலை அரசு எவ்வாறு கற்பனை செய்கிறது என்பதைப் பல பக்கக் கொள்கை அறிக்கையைவிடத் தெளிவாகக் காட்டும்.