ஏட்டில் விடுபட்ட வீரம்

போர்க்களத்தில் ஒருவன் ஆற்றிய அருஞ்செயலுக்கு முதற்சாட்சி அவன் அருகில் நின்ற தோழன். அடுத்த சாட்சி, அச்செயலைக் கண்டு மேலிடத்துக்கு எழுதிய அதிகாரி. காலம் செல்லச் செல்ல இவ்விருவரும் மறைந்து போக, எஞ்சி நிற்பது பதிவேடு ஒன்றே. அப்பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டுப் போனால், அந்த வீரனின் பேரன் கேட்கும்போது எடுத்துக்காட்ட ஒன்றும் இராது. அவ்வாறு விடுபட்ட வரிகளைப் பற்றியும், அவற்றை மீண்டும் எழுதுவிக்கும் வழியைப் பற்றியும் நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் சமுதாயத்துக்கு இது சிறிய செய்தியன்று. நம் முன்னோரில் மிகப் பலருடைய பெயர் நிலப்பட்டாவில் இல்லை. கோயில் கல்வெட்டில் இல்லை. பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை. அத்தகைய குடும்பங்கள் பலவற்றில், தந்தை பெயர், ஊர், வட்டம், உயரம், அங்க அடையாளம் என அனைத்தும் மையினால் எழுதப்பட்டு, அரசு முத்திரையுடன் வீடு வந்து சேர்ந்த முதல் ஆவணம் பட்டாளத்தின் விடுவிப்புப் புத்தகமே ஆகும். அதனை டிஸ்சார்ஜ் புத்தகம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கூறுவர். வீட்டில் பலர் அதனைப் பென்சனுக்குரிய காகிதமாக மட்டுமே கருதுகின்றனர். உண்மையில் அது நம் வரலாற்றின் ஓர் ஏடு.

எழுதப்படாத வீரத்தின் நிலை என்ன என்பதற்கு நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சங்கரன்கோவிலுக்கு அண்மையிலுள்ள நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் கும்பினியாரை எதிர்த்த காலத்தில், அவருடைய படையில் ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி முதலிய தளபதிகள் போரிட்டனர். கும்பினியார் எழுதி வைத்த குறிப்புகளில் பாளையக்காரர்களைப் பற்றிய செய்திகள் உண்டு. ஆயின் இத்தளபதிகளின் பெயரைக் காத்தவை பெரும்பாலும் நாட்டுப் பாடல்களும் வாய்மொழிக் கதைகளும் மக்களின் வழிபாடுமே. ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, 2022ஆம் ஆண்டில், ஒண்டிவீரனுக்கு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. பாடல் இருந்ததால் அவர் பெயர் பிழைத்தது. பாடப்படாத எத்தனையோ வீரர்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

கல்லில் எழுதிய பெயர் எவ்வளவு வலிமையுடையது என்பதற்கு மராத்திய நாடு சான்று தருகிறது. 1818 சனவரி 1ஆம் நாள் கொரேகாவ் என்னுமிடத்தில் நடந்த போரில் மாண்ட கும்பினி வீரர்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் பொறிக்கப்பட்டன. அவற்றுள் ‘நாக்’ என முடியும் பெயர்கள் மகார் வீரர்களுடையவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், போர்க்குணம் சில குலத்தாருக்கே உரியது என்னும் பொய்க்கொள்கையை ஆங்கிலப் படைத்தலைவர்கள் மேற்கொண்டனர். அதனால் மகார்களைப் படையில் சேர்ப்பது நின்றது. நம் மாகாணத்துப் படையும் அக்கொள்கையால் பெரிதும் சுருங்கியது. அப்படையில் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றிய தாழ்த்தப்பட்ட மக்கள் பலர் வாய்ப்பை இழந்தனர். இருப்பினும் மதராஸ் சாப்பர்கள் என்னும் பொறியியற்படையில் அவர்களுக்கு இடம் தொடர்ந்து இருந்தது.

மராத்திய நாட்டில் கோபால் பாபா வலங்கர் 1894இலும், சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இலும் அரசுக்கு விண்ணப்பங்கள் விடுத்தனர். தங்கள் முன்னோர் படையில் ஆற்றிய பணியையே அவ்விண்ணப்பங்கள் ஆதாரமாகக் கொண்டன. படைச் சுபேதாரின் மகனாகிய டாக்டர் அம்பேத்கர் 1927 சனவரி 1ஆம் நாள் கொரேகாவ் தூணின் முன் நின்றார். 1941ஆம் ஆண்டில் மகார் ரெஜிமெண்ட் உருவாயிற்று. “நீங்கள் போர்க்குடியினர் அல்லர்” என்று கூறியவர்களுக்கு, அவர்களே நட்ட தூணிலிருந்து விடை கிடைத்தது. பெயர் எழுதப்பட்டிருந்ததன் பயன் இது.

இனி, விருதுகள் பதிவேட்டில் விடுபடுவது எவ்வாறு என்று காண்போம். படை விருதுகள் இருவகைப்படும். ஒன்று வீரச்செயலுக்கு வழங்கப்படுவது. இது அரசிதழில் பெயருடன் வெளியாகும். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி நாட்டில், 1944 பிப்ரவரி 24ஆம் நாள், தோழர்களைக் காப்பதற்காகக் கண்ணிவெடியின் மீது தன் உடலைக் கிடத்தி உயிர்நீத்த மதராஸ் சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. இந்தியருள் அவ்விருதை முதலிற் பெற்றவர் இத்தமிழரே. அரசிதழில் ஏறிய அச்செயலை இன்றும் எவரும் எடுத்துப் படிக்கலாம்.

மற்றொரு வகை, குறிப்பிட்ட போர்முனையில் குறிப்பிட்ட காலம் பணியாற்றிய அனைவருக்கும் உரிய பதக்கம். பர்மா ஸ்டார், இத்தாலி ஸ்டார், 1939–45 போர்ப் பதக்கம் என்பனவும், விடுதலைக்குப் பின் வந்த 1965ஆம் ஆண்டின் ரக்ஷா பதக்கம், சமர் சேவா ஸ்டார், 1971ஆம் ஆண்டின் பூர்வி ஸ்டார், பச்சிமி ஸ்டார், சங்கிராம் பதக்கம் என்பனவும் இவ்வகையின. இவற்றைப் பெற்றோர் பெயர் அரசிதழில் வருவதில்லை. படைப்பிரிவு வெளியிடும் பகுதி இரண்டு ஆணையில் செய்தி ஏறி, அங்கிருந்து வீரனின் பணிப்பதிவேட்டில் எழுத்தர் ஒருவரால் எழுதப்பட வேண்டும். இடையில் ஓர் ஆணை தவறினாலும் பதக்கம் விடுபடும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, பதக்கங்கள் வார்க்கப்பட்டு வருமுன்பே பெருந்தொகையான வீரர்கள் ஊர் திரும்பிவிட்டனர். சில படைப்பிரிவுகளே கலைக்கப்பட்டன. மதராஸ் பயனியர் படை 1933இலும், 1943இல் அமைக்கப்பட்ட சமார் ரெஜிமெண்ட் 1946இலும் கலைந்தன. படை கலைந்தால் அதன் காகிதங்கள் இடம் மாறும். இடம் மாறும் காகிதம் எளிதில் தொலையும்.

பெயரால் வரும் இடர் மற்றொன்று. நம்மூர்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர், ஒரு பெயரையே மூன்று விதமாக எழுதுவார். தந்தை பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாக நிற்கும். வேறிடத்தில் முழுப்பெயராக நிற்கும். கிறித்தவ மதம் தழுவியவரின் பழைய பெயர் ஓர் ஏட்டிலும் புதிய பெயர் மற்றோர் ஏட்டிலும் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்து மாறியதற்காக மாணவர்கள் அலுவலகந்தோறும் அலைவதைத் தலைமையாசிரியர் எவரும் அறிவார். பட்டாளத்து ஏட்டிலும் நிலை அதுவே.

விருதின் பெயரே மாறியதும் உண்டு. 1952இல் ஏற்படுத்தப்பட்ட அசோக சக்கர விருதின் இரண்டாம் வகுப்பு 1967இல் கீர்த்தி சக்கரம் எனவும், மூன்றாம் வகுப்பு சௌரிய சக்கரம் எனவும் பெயர் பெற்றன. பழைய பெயரில் உள்ள விருதை அறியாதவர், அப்படி ஒரு விருது இல்லை என்று கூறிவிடக் கூடும்.

இவை அலுவலகக் குறைகள். மனத்திலுள்ள வேற்றுமையால் வந்த குறைகளும் உள. முதல் உலகப் போருக்குப் பின் வழங்கப்பட்ட போர்ப் பதக்கம், ஆயுதம் ஏந்திய வீரனுக்கு வெள்ளியிலும், குழி வெட்டியும் சுமை தூக்கியும் உழைத்த இந்தியத் தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்திலும் வார்க்கப்பட்டது. குண்டு இருவர் மீதும் ஒன்றாகவே விழுந்தது. பொதுநலநாட்டுப் போர்க்கல்லறை ஆணையம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இதனினும் பெரிய உண்மையை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க நாட்டினருள் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவருக்கு நிகராக நினைவுகூரப்படவில்லை. மேலும் 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவுச்சின்னமே இல்லாமலோ விடப்பட்டனர். இதற்காகப் பிரிட்டிஷ் அரசு தன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது.

நம்மைப் போன்றே ஒதுக்கப்பட்ட அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு இங்கு நமக்குப் பாடமாகும். இரண்டாம் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தார் பணியாற்றினர். அந்நாட்டின் தலையாய வீரவிருதாகிய மெடல் ஆஃப் ஹானர் அப்போருக்காக நானூறு பேருக்கு மேல் வழங்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் கூடக் கறுப்பினத்தவர் அல்லர். 1993இல் அமெரிக்க இராணுவம் ஷா பல்கலைக்கழகத்தை இதனை ஆராயப் பணித்தது. ஆய்வாளர்கள் பழைய படைக் குறிப்புகளையும் பரிந்துரைக் கடிதங்களையும் தேடிப் படித்து, பத்துப் பேரின் பெயரை முன்வைத்தனர். காலக்கெடு கடந்துவிட்டதால் சட்டமன்றம் தனி விதிவிலக்கு அளித்தது. 1997 சனவரி 13ஆம் நாள் எழுவருக்கு அவ்விருது அறிவிக்கப்பட்டது. அறுவர் அப்போது உயிருடன் இல்லை. வெர்னன் பேக்கர் ஒருவரே, 1945 ஏப்ரலில் இத்தாலியில் தாம் செய்த வீரச்செயலுக்காக, ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் நேரில் வந்து விருதைப் பெற்றார். ஆண்டுகள் பல கழிந்தாலும் ஏட்டைத் திருத்தலாம் என்பதையும், அதற்குக் காகிதம் வேண்டும் என்பதையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே உணர்த்துகிறது.

காகிதமே எரிந்துவிட்டால்? அதுவும் அந்நாட்டில் நிகழ்ந்தது. 1973 சூலையில் செயிண்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான படைவீரர் கோப்புகள் அழிந்தன. அதன் பின் சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு, படைப்பிரிவின் அன்றாட அறிக்கை முதலியவற்றிலிருந்து வீரர்களின் பணிவரலாற்றை மீட்டெடுக்கின்றனர்.

நம் நாட்டிலும் வழிகள் உள்ளன. மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்களின் ஆவண அலுவலகம் வெலிங்டனிலும், மதராஸ் பொறியியற்படையினருடையது பெங்களூருவிலும் உள்ளன. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாயிலாக அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பணிப்பதிவேட்டில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று கேட்கலாம். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாடலாம். கார்கில் போரில் பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய பிரிகேடியர் தேவிந்தர் சிங், தமது போர் அறிக்கை மாற்றப்பட்டது என்று இத்தீர்ப்பாயத்திடமே முறையிட்டார். 2010ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. பிரிகேடியருக்கே பதிவு பிழைபடுமாயின், சிப்பாயின் ஏட்டைச் சரிபார்ப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இளைஞர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முதலில் தேட வேண்டியது படைவீரர் எண். பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருந்தாலும் அந்த எண்ணே அவரை அடையாளம் காட்டும். பழைய இந்தியப் படைப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க முற்பட்டால் அவ்வெழுத்துகள் தேய்ந்துபோகும். விடுவிப்புப் புத்தகம், பென்சன் ஆணை, பழைய கடிதங்கள், சீருடையில் எடுத்த நிழற்படம் ஆகியவற்றை நகலெடுத்து வையுங்கள். நிழற்படத்தில் மார்பிலுள்ள நாடாக்களின் நிறமே எப்பதக்கம் என்பதைக் கூறும். ஊரின் பெயர் சங்கரன்கோவில், சங்கரநயினார்கோவில் எனவும், மாவட்டம் திருநெல்வேலி எனவும் 2019க்குப் பின் தென்காசி எனவும் வருவதை விண்ணப்பத்தில் விளக்கமாக எழுதுங்கள்.

இதில் காலதாமதம் கூடாது. பென்சன் பெறாமல் விலகிய வீரர்களின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பின் விதிப்படி அழிக்கப்படுகின்றன. அவ்வாறு அழிந்த பின், வீட்டுப் பெட்டியிலுள்ள பழுப்பேறிய புத்தகமே உலகிலுள்ள ஒரே சான்றாக இருக்கக் கூடும். அதனைக் கரையான் தின்ன விடுவது முறையாகுமா?

ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளேன். வழங்கப்பட்ட விருது ஏட்டில் ஏற வேண்டும் என்று கேட்பது வீரனின் உரிமை. வழங்கப்படாத விருதைச் செவிவழிச் செய்தியை நம்பிக் கேட்பது அவ்வுரிமையைக் கெடுக்கும். தாத்தா பர்மாவில் போரிட்டார் என்று பாட்டி கூறியிருக்கலாம். படைப்பிரிவின் குறிப்பு அவர் வேறிடத்தில் இருந்ததாகக் காட்டலாம். அப்போது குறிப்பையே ஏற்க வேண்டும். ஒரு பொய்க் கோரிக்கை, பின்வரும் பத்து மெய்க் கோரிக்கைகளையும் ஐயத்துக்கு உள்ளாக்கும். நம் முன்னோரின் உண்மைப் புகழே நமக்குப் போதுமானது.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வரும் இச்சங்கம், இவ்வெள்ளிவிழா ஆண்டில் ஒரு பதிவேட்டைத் தொடங்குமாறு வேண்டுகிறேன். நம் சமுதாயத்தில் படைப்பணி புரிந்த ஒவ்வொருவரின் எண், பெயர், படைப்பிரிவு, பணிக்காலம், பெற்ற விருதுகள், அவற்றுக்குரிய சான்று ஆகியன அதில் ஏறட்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாத முதியவர்களுக்கும் கைம்பெண்களுக்கும் படித்த இளைஞர்கள் எழுதித் தரட்டும். படைப்பணி புரிந்த முன்னோருள் பலர் கைந்நாட்டு வைத்துச் சம்பளம் பெற்றவர்கள். அவர்களுக்குரிய வரியைப் பிழையின்றி எழுதுவிப்பது, பேனா பிடிக்கக் கற்றுக்கொண்ட நம் கடனாகும்.