கடிகாரத்தை அறிவிப்பவர் யார்? டிஇசட் தரவுத்தளமும் இலங்கை நேர மாற்றங்களும் (1996–2006)

மென்பொருள் தனக்கு வேண்டிய தரவைப் பிறரிடமிருந்து பெறும்போது, அது எப்போது வரும், வந்தபின் மாறுமா என்பன அதன் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. இச்சிக்கலை நேர மண்டலத் தரவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. ஒரு நாட்டின் கடிகாரம் உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்பதை அந்நாட்டு அரசே முடிவு செய்கிறது. அரசுகளோ அம்முடிவைத் தம் குடிமக்களை நோக்கி அறிவிக்கின்றன. கணினிகளை நோக்கி அல்ல.

இவ்வறிவிப்புகளைத் தொகுக்கும் டிஇசட் தரவுத்தளத்தை 1980களில் தொடங்கியவர், அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் டேவிட் ஓல்சன். பின்னர் பால் எக்கெர்ட் அப்பொறுப்பை ஏற்றார். லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஜாவா முதலியன இத்தொகுப்பையே நம்பி இயங்குகின்றன. தொகுப்போ தன்னார்வலர் அனுப்பும் செய்தித்தாள் நறுக்குகளையும் அரசாணைகளையும் நம்பி நிற்கிறது. பழைய நேரத் தரவின் ஒரு பகுதி சோதிடர்களுக்கென வெளியான நேர அட்டவணை நூல்களிலிருந்து வந்தது. அவற்றின் உரிமையைக் கோரிச் சோதிட மென்பொருள் நிறுவனமொன்று 2011இல் இவ்விருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. 2012 பிப்ரவரியில் அதனைத் திரும்பப் பெற்றது. இதற்கிடையே தரவுத்தளம் இணைய எண் ஒதுக்கீட்டு ஆணையத்தின் பாதுகாப்பில் வைக்கப்பட்டது.

மூலம் காலந்தாழ்த்துவதும் மனம் மாறுவதும் எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு லெபனான் சான்றாகும். 2023 மார்ச் 25 நள்ளிரவில் தொடங்கவேண்டிய கோடைக்கால நேரத்தை, ரமலான் நோன்பை முன்னிட்டு ஏப்ரல் 20 வரை ஒத்திவைப்பதாக அந்நாட்டு அரசு மார்ச் 23இல் அறிவித்தது. அன்றே ‘2023பி’ பதிப்பு வெளியிடப்பட்டது. மாரோனியத் திருச்சபையும் சில தொலைக்காட்சி நிறுவனங்களும் ஒத்திவைப்பை ஏற்கவில்லை. ஒரே நாட்டில் இரு நேரங்கள் நிலவின. மார்ச் 27இல் அமைச்சரவை பின்வாங்கியது. மறுநாள் வெளிவந்த ‘2023சி’, பழைய ‘2023ஏ’ பதிப்பின் தரவுக்கே மீண்டது.

லெபனானின் குழப்பம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. இலங்கையில் அது பத்தாண்டு நீடித்தது. மின் நெருக்கடியைக் காரணம் காட்டிக் கொழும்பு அரசு 1996 மே 25இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னகர்த்தியது (+6:30). அக்டோபர் 26இல் அரைமணி பின்னகர்த்தியது (+6:00). 2006 ஏப்ரல் 15இல் பழைய +5:30க்கே மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளோ 1996 மாற்றத்தை ஏற்காமல் +5:30 நேரத்தையே தொடர்ந்தன. 2002இல் ஏ9 சாலை திறந்தபின் ஓமந்தையைக் கடந்து வன்னிக்குள் சென்றவர், கடிகாரத்தை அரைமணி பின்வைக்க வேண்டியிருந்தது.

தரவுத்தளத்தில் ‘ஆசியா/கொழும்பு’ என்னும் ஒரே பதிவு உள்ளது. வன்னியின் நேரம் தொகுப்பாளர் அறியாத செய்தியன்று. அதனைத் தெரிவிக்கும் 2006ஆம் ஆண்டு ராய்ட்டர்ஸ் செய்தி அக்கோப்பிலேயே குறிப்புரையாக இடம்பெற்றுள்ளது. ஆயினும் குறிப்புரையை மனிதர் படிப்பர்; கணினி தாண்டிச் செல்லும். 1970க்குப் பின் கடிகாரம் வேறுபட்ட பகுதிக்குத் தனிப்பதிவு வேண்டும் என்பது தொகுப்பின் பொதுவிதி. பெய்ஜிங் நேரத்தினின்று இரண்டு மணி நேரம் பின்தங்கிய வழக்கு நேரத்திற்கு ‘ஆசியா/உரும்சி’ என்னும் பதிவும் உண்டு. வன்னிக்கு அத்தகைய பதிவு எளிதன்று. அதன் எல்லை போர்முனையோடு நகர்ந்தது. கிளிநொச்சி நகரமே 1996இல் இராணுவத்தின் கைக்கும் 1998இல் புலிகளின் கைக்கும் மாறியது.

இதன் சுமை இன்று ஆவணக் காப்பகங்களின் மீது விழுகிறது. 2003இல் கிளிநொச்சியில் காலை 8:00 மணி எனக் குறிக்கப்பட்ட ஒரு நிகழ்வைக் கொழும்புப் பதிவின்வழி மாற்றினால், கணினி உலகப் பொது நேரம் 2:00 எனக் காட்டும். உண்மையில் அது 2:30. போர்நிறுத்த மீறல் எங்கு, எந்த வரிசையில் நிகழ்ந்தது என்று ஆராய்பவருக்கு அவ்வரைமணி சிறிதன்று. அத்தகைய ஆவணங்களை எண்ணிமப்படுத்துவோர், எழுதியவரின் கடிகாரம் எத்தரப்பினது என்பதைத் தனிப்புலமாகப் பதிய வேண்டியுள்ளது.