மணிக்கட்டு முறிவு: ஐம்பதைக் கடந்தவர்கள் அறிய வேண்டியவை

ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் இறைவனிடம் முறையிடும் செய்தி சூரா மர்யமின் தொடக்கத்தில் வருகிறது. அதில் முதுமையின் அடையாளமாக அவர்கள் முதலில் குறிப்பிடுவது எலும்பின் பலவீனத்தை. தலை நரைத்ததை அதற்கு அடுத்துத்தான் சொல்கிறார்கள். நரையைக் கண்ணாடி காட்டிவிடும். எலும்பு மெலிவது வெளியே தெரியாது. ஒரு நாள் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு முறியும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

"கைதானே, மாவுக்கட்டு போட்டால் சரியாகிவிடும்" என்று நாம் ஆறுதல் சொல்கிறோம். கை பெரும்பாலும் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் நடு வயதைக் கடந்த ஒருவருக்கு, நின்ற நிலையிலிருந்து விழுந்ததிலேயே மணிக்கட்டு முறிந்திருந்தால், அது உடலின் மற்ற எலும்புகளைப் பற்றிய எச்சரிக்கையும் ஆகும். இதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது அவசியம்.

எவ்வளவு பரவலானது?

முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. கட்டைவிரல் பக்கம் உள்ளது ஆரை எலும்பு. அது மணிக்கட்டை ஒட்டிய இடத்தில் முறிவதையே பொதுவாக மணிக்கட்டு முறிவு என்கிறோம். டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-ல் இதைத் தெளிவாக விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதோ 1895-ல்தான். அதுவரை மூட்டு நழுவல் என்று பலர் எண்ணியிருந்ததை, எலும்பு முறிவுதான் என்று அவர் எடுத்துக்காட்டினார். இன்றும் இது 'காலிஸ் முறிவு' என்றே அழைக்கப்படுகிறது.

மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் பார்க்கப்படும் எலும்பு முறிவுகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்று இதுதான் என்பது மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகக் கூறும் கணக்கு. இது இரண்டு பருவங்களில் அதிகம் நிகழ்கிறது. ஒன்று, ஓடி விளையாடும் சிறுவர் பருவம். மற்றொன்று, ஐம்பதை ஒட்டியும் அதற்குப் பிறகும் வரும் பருவம். இந்த இரண்டாம் பருவத்தில் பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் பெண்கள்.

மேலை நாட்டு வெள்ளையின மக்களிடையே எடுக்கப்பட்ட கணக்குகளின்படி, 50 வயதை எட்டிய ஒரு பெண் எஞ்சிய வாழ்நாளில் மணிக்கட்டு முறிவைச் சந்திக்கும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம். அதே வயது ஆணுக்கு அது சுமார் 2 சதவீதமே. ஆசிய நாடுகளில் இந்த விகிதம் பொதுவாகக் குறைவு. அதற்காக நாம் கவலையற்று இருந்துவிட முடியாது. குளிர் நாடுகளில் பனி உறைந்த சாலைகள் மனிதர்களை வீழ்த்துகின்றன. நம் வீடுகளில் ஈரமான டைல்ஸ் தரை அதே வேலையைச் செய்கிறது.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

மாதவிடாய் நின்றபின் பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. எலும்பைக் காத்துவந்த அந்தச் சுரப்பு குறைந்ததும், முதல் சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி வேகமாகத் தேய்கிறது. மேலை நாடுகளில் சுமார் 51 வயதில் நிகழும் இம்மாற்றம், இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. எலும்புப்புரை என்னும் எலும்பு மெலிவு நோய் இப்படித்தான் ஓசையின்றித் தொடங்குகிறது.

ஐம்பது, அறுபது வயதுள்ளவர் தடுமாறினால் சட்டென்று கையை நீட்டி ஊன்றுவார். மணிக்கட்டு முறியும். எண்பதை நெருங்கியவருக்கு அந்த வேகம் இருக்காது. கை நீளும் முன்பே இடுப்பு தரையில் மோதும். அதனால்தான் மணிக்கட்டு முறிவு முதலிலும், இடுப்பு முறிவு பிந்திய வயதிலும் வருகின்றன. மணிக்கட்டு முறிந்த பின் பலர் பழையபடி வாழ்கிறார்கள். இடுப்பு முறிந்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. அதிலேயே வஃபாத் ஆகிவிடுவோரும் உண்டு.

விழுந்தவுடன் செய்ய வேண்டியவை

மணிக்கட்டு வீங்கி, கையின் பின்புறம் முள்கரண்டி போல வளைந்து தெரிந்தால் முறிவு என்றே கொள்ளுங்கள். வளைவு இல்லாவிட்டாலும் வலியும் வீக்கமும் இருந்தால் எக்ஸ்ரே தேவை.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். கையை அட்டை போன்ற ஒன்றின் மீது அசையாமல் வைத்து, நெஞ்சுக்கு நேராக உயர்த்திப் பிடித்தபடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேய்ப்பதும், உருவுவதும், இழுத்து இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கட்டு போட்ட பின் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எலும்பு விலகாமல் இருந்தால் மாவுக்கட்டு போதும். அது பொதுவாக ஐந்து, ஆறு வாரங்கள் இருக்கும். விலகியிருந்தால் நேராக்கிக் கட்டுவார்கள், அல்லது கம்பியோ தகடோ வைப்பார்கள். வயது முதிர்ந்தவர்களில் தகடு வைத்தவர்களும் கட்டு மட்டும் போட்டவர்களும் ஓராண்டுக்குப் பின் கையைப் பயன்படுத்துவதில் பெரிய வித்தியாசமின்றி இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. கட்டு இருக்கும் நாட்களிலும் விரல்களையும் முழங்கையையும் தோளையும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைக்காமல் விட்டால் அவை விறைத்துவிடும்.

கட்டுடன் உளூவும் தொழுகையும்

எலும்பு முறிவுக் கட்டை ஃபிக்ஹ் நூல்கள் 'ஜபீரா' என்கின்றன. முறிந்ததைச் சேர்த்துச் சீராக்குதல் என்பது அதன் வேர்ச்சொல்லின் பொருள். இரு ஸஜ்தாக்களுக்கு இடையில் நாம் ஓதும் துஆவில் உள்ள 'வஜ்புர்னீ' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

ஹனஃபி மத்ஹபில், கழுவ முடிந்த இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் மஸஹ் செய்தால் போதும். இதற்கு நாள் வரம்பு இல்லை. உளூவுடன்தான் கட்டுப் போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

ஷாஃபிஈ மத்ஹபில், கழுவ முடிந்ததைக் கழுவி, கட்டு முழுவதும் மஸஹ் செய்து, கழுவப்படாத பகுதிக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். முகமும் கைகளும் தயம்மும் உறுப்புகள் என்பதால், கையில் கட்டு உள்ளவர் குணமான பின் அந்தத் தொழுகைகளை மீட்டித் தொழ வேண்டும் என்பதே அம்மத்ஹபின் வலுவான கருத்து. உங்கள் மஹல்லா ஆலிமிடம் முதல் நாளே கேட்டுத் தெளிவு பெறுங்கள். கட்டு பிரிக்கும் நாள் வரை தொழுகையைத் தள்ளிவைப்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை.

ஸஜ்தாவில் தரையில் பட வேண்டிய ஏழு உறுப்புகளில் இரு கைகளும் அடங்கும். முறிந்த கையை வைக்க முடியாதவர் மீது குற்றமில்லை. வைக்க முடிந்தாலும் உடல் பாரத்தை அதன் மேல் போட வேண்டாம். எழும்போது அந்தக் கையை ஊன்றுவதையும் தவிர்க்க வேண்டும். நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழ அனுமதி தந்த மார்க்கம் இது.

கட்டு பிரித்த பிறகு

நம் சமூகத்தில் பெரும்பாலும் விட்டுப்போகும் கட்டம் இதுதான். கை சேர்ந்ததும் கதை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். ஒருமுறை மணிக்கட்டு முறிந்தவருக்குப் பின்னாளில் இன்னொரு முறிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆகவே கடைசியாக மருத்துவரைப் பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "எனக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா?"

டெக்ஸா ஸ்கேன் எனப்படும் இப்பரிசோதனை வலியில்லாதது, சில நிமிடங்களில் முடிவது. அதில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அதற்கு நல்ல மருந்துகள் உள்ளன. சில மாத்திரைகளைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அத்தகையவர்கள் ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு எலும்பை மெலியச் செய்யும்.

வீட்டிலும் பள்ளிவாசலிலும்

ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு தம்ளர் பாலில் கிடைப்பது சுமார் 240 மில்லிகிராம். கேழ்வரகு, எள், முள்ளோடு உண்ணும் சிறுமீன், கீரை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். வைட்டமின் டி-க்கு வெயில் வேண்டும். பர்தா பேணும் பெண்கள் பிறர் பார்வை படாத மாடியிலோ முற்றத்திலோ சிறிது நேரம் கை கால்களில் வெயில் படும்படி இருக்கலாம். வைட்டமின் டி மாத்திரைகளைத் தாமாக வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட வேண்டாம். தினமும் நடப்பது எலும்புக்கும் தசைக்கும் நல்லது.

குளியலறையில் சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத விரிப்பு, இரவில் ஒரு சிறு விளக்கு போதும். தஹஜ்ஜுதுக்கும் ஃபஜ்ருக்கும் இருட்டில் எழும் பெரியவர்களுக்கு இவை பெரும் பாதுகாப்பு. பள்ளிவாசல் நிர்வாகிகள் ஹவுளைச் சுற்றியும் உளூ செய்யும் இடத்திலும் சொரசொரப்பான தரை போட வேண்டும். முதியோருக்கென இரண்டு இருக்கைகளும் பிடித்து எழக் கம்பியும் அமைக்க வேண்டும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையே ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இது அதிகமான வேலை அல்ல.

உங்கள் வீட்டில் உம்மாவுக்கோ, மாமிக்கோ, பெரியம்மாவுக்கோ ஐம்பது வயதுக்குப் பின் மணிக்கட்டு முறிந்திருந்தால், அது பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததாக இருந்தாலும் சரி, இந்த வாரமே அவரை எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றிக் கேட்க மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பெற்றோருக்கும் நமக்கும் பூரண ஆஃபியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.