டவ்டேல் கட்டர் வாங்க முன், கண்டிப் பட்டறைகளின் கதை கொஞ்சம்



வீட்டுக்குப் பின்னால் சின்ன மில்லிங் மெசின் போட்டிருக்கும் தம்பிமார் சிலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சேர், டவ்டேல் கட்டர் 45 பாகையில் எடுப்பதா, 60இல் எடுப்பதா?" நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். ஆனால் இதற்குப் பாதி விடை கண்டியின் வரலாற்றில் இருக்கிறது.

லேத்தில் கருவியைத் தாங்கி நகரும் பகுதியின் அடியைப் பாருங்கள். புறாவின் வாலைப் போல கழுத்து ஒடுங்கி, கீழே விரிந்திருக்கும். தூக்கினால் வராது, வழியே தள்ளினால் மட்டும் வழுக்கும். அதுதான் டவ்டேல்.

1854இல் ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் வோக்கர் கண்டியில் பொறியியல் பட்டறையைத் தொடங்கினார். அது கோப்பிக் காலம். பறித்த கோப்பிப் பழத்தின் தோலைச் சுணங்காமல் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். அறுவடை நேரத்தில் மெசின் உடைந்தால் கப்பலில் உதிரிப்பாகம் வரும்வரை யார் காத்திருப்பது? கண்டிக்கு ரயில் வந்ததே 1867இல்தான். ஆகவே திருத்துவதும் செய்வதும் இங்கேயே நடக்க வேண்டியதாயிற்று.

1869இல் இலைநோய் வந்து கோப்பி விழத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1880இல் வோக்கர் கம்பனி தேயிலை உருட்டும் இயந்திரத்தைச் செய்தது. பயிர் மாறியபோதும் பட்டறை நின்றுபிடித்தது, கைத்தொழில் தெரிந்ததால். நம் பாடப்புத்தகமோ டெய்லரோடு நின்றுவிடுகிறது. பட்டறையில் நின்றவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

இப்போது கேள்விக்கு வருவோம். அந்தக் காலத்து இயந்திரங்களில் எல்லாம் ஒரே பாகை கிடையாது. செய்த கம்பனியைப் பொறுத்து 45, 55, 60 என்று வரும். ஆகவே பழைய மெசினைத் திருத்துபவர் பாகையைத் தெரிவு செய்வதில்லை. எதிரே பொருந்தும் துண்டுதான் அதைத் தீர்மானிக்கிறது. முதலில் அதை அளவுங்கள். புதிதாக இரு பக்கமும் நீங்களே வெட்டுவதானால் 60 எடுங்கள்.

கட்டரின் உயரம் பள்ளத்தின் ஆழத்தைவிடக் குறையக் கூடாது. பெரிய விட்டம் அடி அகலத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். வீட்டு மெசின் அதிரும், அதில் கார்பைட்டின் கூர்முனை உடைந்து தெறிக்கும். ஹை ஸ்பீட் ஸ்டீல் போதும். சாதாரண எண்ட் மில்லால் நேர்ப்பள்ளம் வெட்டிய பிறகே டவ்டேல் கட்டரை இறக்குங்கள்.

கூர்மூலையில் வேர்னியர் சரியாக உட்காராது. இரு மூலையிலும் ஒரே விட்டமுள்ள உருளை ஊசி வைத்து, இடைவெளியை அளவுங்கள். 60 பாகைப் பள்ளத்தில் அது, அடி அகலத்திலிருந்து ஊசி விட்டத்தின் 2.732 மடங்கைக் கழித்த அளவு. 6 மில்லிமீற்றர் ஊசியென்றால் 16.39ஐக் கழியுங்கள்.

இன்னொன்று. இந்தக் கட்டர் இல்லாமலும் டவ்டேல் வெட்டலாம். 1836இல் நாஸ்மித் கண்டுபிடித்த ஷேப்பரின் தலையைப் பாகைக்குச் சரித்து, ஒரே முனையுள்ள கருவியால் வெட்டுவார்கள். பிறகு நீலம் பூசிச் சுரண்டிப் பொருத்துவார்கள். எந்தப் பாகையும் வரும். அந்த ஷேப்பரைத்தான் இப்போது கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். அப்படி ஒன்று போகிறதென்று கேள்விப்பட்டால், கட்டர் வாங்க வைத்த காசோடு முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.