தட்டுப்போர் காத்த காங்கயம் மாடு



காங்கயம் மாடு என்றதும் அதன் திமிலையும் கொம்பையும் பற்றிப் பேசுவோம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் நல்ல பொலிகாளைகளாகத் தேர்ந்தெடுத்து அந்த இனத்தை வளர்த்ததையும் சொல்வோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நாலு ஏக்கர் மேட்டாங்காடு வைத்திருந்த சின்னக் குடியானவன் வீட்டில் அந்த மாடு கோடையைத் தாண்டியது எப்படி? அதற்குப் பதில் அவன் போட்ட தட்டுப்போரில் இருக்கிறது.

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் மழை குறைவு. பெய்கிற மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். அதனால் நம் பெரியவர்கள் இரண்டு ஏற்பாடு செய்தார்கள். ஒன்று, கொறங்காடு. கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, ஒரு காட்டில் மேய்த்து முடித்ததும் அடுத்த காட்டுக்கு மாட்டை மாற்றுவார்கள். மற்றொன்று, தீவனத்துக்கென்றே சோளத்தை நெருக்கி விதைத்து, பூத்த பருவத்தில் அறுத்துக் காயவைத்துப் போர் போடுவது.

இது எவ்வளவு முக்கியம் என்பதைத் தாது வருஷப் பஞ்சம் காட்டியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள். சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்களும் கடுமையாக அடிபட்டன. தீவனமில்லாமல் மாடுகளும் செத்தன. மாடு செத்தால் உழவு இல்லை, கவலை இறைப்பு இல்லை. அடுத்த மழை பெய்தாலும் விதைக்க வழியில்லை.

மோட்டார் வராத அந்தக் காலத்தில், தை மாதத்து ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். தட்டை அறுத்துப் பரப்பி நாலைந்து நாள் ஆயிற்று. வீட்டில் எல்லோரும் கோழி கூப்பிடுகிற நேரத்துக்கே காட்டில் இருப்பார்கள். ஏன் அவ்வளவு சீக்கிரம்? பனி ஈரம் இருக்கிறபோது கத்தை கட்டினால் இலை உதிராது. வெயில் ஏறிவிட்டால் இலையெல்லாம் நொறுங்கித் தரையில் போய்விடும். மாட்டுக்குச் சத்து இலையில்தானே இருக்கிறது!

பனி உலர்ந்த பிறகு கத்தைகளை வண்டியில் ஏற்றுவார்கள். இரண்டு பல் போட்ட புதுக்காளையைப் பழக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. வேலை தெரிந்த கிழட்டு எருதை ஒரு பக்கமும், புதுக்காளையை மறுபக்கமும் பூட்டுவார்கள். முதல் நடை பாரம் குறைவு. அடிக்கிறதில்லை. கழுத்தைத் தடவிக்கொடுத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு நடத்துவார்கள். பெரிய எருது நிற்கிற இடத்தில் சின்னதும் நிற்கும். சாயங்காலத்துக்குள் அதற்கு நுகத்தடி பழகிவிடும்.

போர் போடுவது வீட்டுப் பெரியவர் வேலை. அடியில் கல்லும் மரமும் பரப்பினால் கரையான் ஏறாது. தட்டின் அடிப்பக்கம் வெளியே, தோகைப்பக்கம் உள்ளே. உச்சியைக் கூரைபோல் சரித்துவிட்டால் மழைத்தண்ணீர் வழிந்தோடும். பெரியவர் ஒவ்வொரு கத்தையிலும் ஒரு தட்டை ஒடித்துப் பார்ப்பார். ஈரம் தட்டுப்பட்டால் அந்தக் கத்தை திரும்ப வெயிலுக்குப் போகும். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடித்து, போரே வீணாகிவிடும் அல்லவா?

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரோடு மாட்டுச் சந்தையும் கூடும். போர் தீர்ந்தவன் கிடைத்த விலைக்கு மாட்டை விற்றாக வேண்டும். போர் மிச்சமிருக்கிறவனுக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு நாள் கவனம் தவறினால் ஒரு ஜோடி எருது கைவிட்டுப் போகும்.

பூக்காத சோளப்பயிரை மாட்டுக்குக் காட்டாதே என்று பெரியவர்கள் சொன்னதற்கும் காரணம் உண்டு. இளஞ்சோளத்தில் தூரின் என்ற பொருள் இருப்பதை 1902-ல் இரண்டு ஆங்கிலேய ரசாயன அறிஞர்கள் கண்டு சொன்னார்கள். மாடு மென்றதும் அதிலிருந்து சயனைடு விஷம் பிறக்கிறது. வாடிய பயிரிலும், அறுத்த பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் ஆபத்து அதிகம். பூத்தபின் அறுத்து நன்றாகக் காயவைத்தால் விஷம் பெரிதும் குறையும். இளஞ்சோளம் தின்ற மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. பிறகு கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏறியது, கவலை நின்றது. அப்புறம் டிராக்டர் வந்தது. எருதின் வேலை போனதும் காங்கயம் மாடும் குறைந்தது. இன்று பல தொழுவங்களில் கலப்பினப் பசுக்கள் நிற்கின்றன. அதனாலென்ன? எந்த மாடானாலும் பங்குனி, சித்திரையில் பசிக்கத்தானே செய்யும்! வெளியூர்த் தட்டை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

ஆகவே, அரை ஏக்கரானாலும் தீவனச்சோளம் விதையுங்கள். பூத்ததும் அறுங்கள். ஒடித்துப் பார்த்து அடுக்குங்கள். போரை ஒரு பக்கத்திலிருந்தே உருவுங்கள். நறுக்கிப் போட்டால் கழிவு குறையும். தாது வருஷத்தை மறக்காத பெரியவர்கள் நமக்கு விட்டுப்போன பாடம் இதுதான்.