பிட்காயின் லாபத்துக்கு எவ்வளவு வரி?

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகளில் தங்கம் விலையோடு பிட்காயின் விலையும் இப்போ அடிபடுகிறது. 'எங்கேயாவது சண்டைன்னா காயின் ஏறும்'னு சொல்வாங்க, அப்படியே நம்பிடாதீங்க. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் பிட்காயின் 35,000 டாலருக்குக் கீழே சரிந்தது.

கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, அந்த வரிமேல் 4% செஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒன்றில் 10,000 ரூபாய் லாபம், மற்றொன்றில் 10,000 நஷ்டம்னா, கையில் மிஞ்சுவது பூஜ்யம். வரி மட்டும் 3,120 ரூபாய்!

2024 ஜூலையில் வசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் திருடுபோனது. பிறகு வந்த வழக்கொன்றில், கிரிப்டோவும் சொத்துதான் என்றது சென்னை உயர் நீதிமன்றம் (அக்டோபர் 2025). ஆன்லைனில் ஏமாந்தால் உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.